தொட்டிக்குள் கல்லை மாற்றி வைத்தவர்

செசிலி டீச்சர் இறந்த செய்தியைச் சொல்ல, எங்கள் பழைய பள்ளிக்கூடத்துப் பியூன் இருதயம் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறி வடமதுரைக்கு வந்தார். நான் அங்கே வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று தலைத்துண்டை அவிழ்த்தார். அவிழ்த்த விதத்திலேயே யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. "மீன் டீச்சர் தவறிட்டாங்க டீச்சர். விடியக்காலைல. சாயங்காலம் எடுக்குறாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பாடம் நடத்தியவருக்கு ஊர் மிச்சம் வைத்திருக்கும் பெயர் இதுதானா என்று இருந்தது. அதற்காக இருதயத்தைத் திட்ட முடியுமா? அவர் அழுதுகொண்டிருந்தார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரோடேயே பஸ் ஏறினேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் பேசினார்களே, அதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த உங்களில் பாதிப் பேர் அங்கே நின்றீர்கள். பள்ளிக்கூடக் கமிட்டிக்கு இப்போது தலைவராக இருக்கும் புகையிலை மண்டி முதலாளி, தோளில் சரிகைத் துண்டு நழுவ நழுவ, "பல இன மீன்களை ஒரே தொட்டியில் ஒற்றுமையாக வளர்த்துக் காட்டியவர் நம் செசிலி டீச்சர், அந்த ஒற்றுமையைத்தான் அவர் நம் பள்ளியிலும் வளர்த்தார்" என்றார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை அகிலாண்டம்மாள், நாங்கள் எல்லோரும் பெரிய டீச்சர் என்று அழைத்தவர், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீ என்று இருந்தது எனக்கு. செத்தவர் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டார் என்பதில் இவர்களுக்கு எவ்வளவு தைரியம்! ஒற்றுமையாம். அந்தத் தொட்டியில் ஒரு நாளும் ஒற்றுமை இருந்ததில்லை. அதை நன்றாகத் தெரிந்தவர் செசிலி டீச்சர், அவருக்கு அடுத்தபடி நான். பொய்யைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாததால்தான் இதை எழுதுகிறேன்.

கன்னிவாடிப் பக்கம், ஊருக்கு வெளியே இருக்கிற தெரு எங்களுடையது. அந்தத் தெருவிலிருந்து படித்து டீச்சரானவள் நான் ஒருத்திதான். பயிற்சி முடித்த கையோடு திண்டுக்கல்லில் அந்தப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. வருஷக் கடைசியில் கமிட்டி கூடி, நான் நீடிப்பதா போவதா என்று முடிவு செய்யும். போனால் நான் மட்டும் போவதில்லை. "அந்தத் தெருவிலிருந்து ஒருத்தியைப் போட்டுப் பார்த்தோம், ஒத்து வரலை" என்று எழுதிவிடுவார்கள். பிறகு எங்கள் தெருப் பெண் யாரும் அந்தப் படியில் கால் வைக்க முடியாது. இது எனக்கும் தெரியும், பெரிய டீச்சருக்கும் தெரியும்.

சேர்ந்த அன்றைக்கு ஆசிரியைகள் அறையில் நுழைந்ததும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கதவுக்குப் பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பொருத்திய ஒரு பெரிய தொட்டி. சட்டத்தில் புகையிலை மண்டி முதலாளியின் பெயர் சிவப்பு எழுத்தில் பட்டையாக எழுதியிருந்தது. அன்பளிப்பு செய்தவராம். உள்ளே கலங்கிய பச்சைத் தண்ணீர். மெலிந்து உயரமான ஒரு பெண்மணி முழங்கைவரை கையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தார். மேஜைமேல் திறந்திருந்த டிபன் கேரியரின் மேல் அடுக்கில் அரைத்த ஆட்டு ஈரல், கீழ் அடுக்கில் நெளிகிற மண்புழு, அதற்கும் கீழ் அடுக்கில் அவருடைய மத்தியானச் சாப்பாடு. "வாங்க டீச்சர். கை ஈரம், அதான் கும்பிடலை" என்றார். அந்த அறையில் என்னை "டீச்சர்" என்றும் "வாங்க" என்றும் சொன்னவர் அவர் ஒருவர்தான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. ஈரல் வாடைதான் மூக்கில் நின்றது.

மற்றவர்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் எனக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள், தொட்டிக்குப் பக்கத்தில், வேறு யாரும் உட்கார மறுத்த இடத்தில். ஜன்னல் கட்டையில் தனியாக ஓர் அலுமினிய டம்ளர் முளைத்திருந்தது. அது எனக்கு என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதுமில்லை. மற்றவர்களின் பித்தளை டம்ளர்கள் பெயர் பொறித்து, பானைக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் கவிழ்த்திருக்கும். எனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆயா வந்து உயரத் தூக்கி ஊற்றுவாள். குடிமைப் பாடம் எடுத்த கமலாம்பாள், தீண்டாமை சட்டப்படி குற்றம் என்று எட்டாம் வகுப்பில் சத்தமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, என் புடவை தன் நாற்காலியில் படாமல் சுற்றிப் போவாள். ஈரலும் புழுவும் நாறுகிற அறையில் அவர்களுக்கு மீன் நாற்றம் பழகிப்போயிருந்தது, நான் குடித்த டம்ளர்தான் பழகவில்லை.

தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததால் எனக்கு மீன் சங்கதியெல்லாம் தெரியவந்தது. இப்போது சந்தையில் ஜிலேபிக் கெண்டை என்று கூவி விற்கிறார்களே, அதுதான் அந்தத் தொட்டியின் முக்கியப் புள்ளி. ஆப்பிரிக்காக்காரன். வேகமாக வளரும், ஏழையின் சோற்றுக்கு மலிவான வெஞ்சனம் ஆகும் என்று சர்க்கார் கொண்டுவந்து மீன்பண்ணையில் விட்ட புதிது. செசிலி டீச்சர் பண்ணைக்குப் போய்க் கேட்டு வாங்கி, பித்தளைக் குடத்தில் ஊற்றி, கண்டக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தாராம். இயற்கை விஞ்ஞானம் எடுப்பவர் புத்தகத்துப் படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியாது. இந்த ஆப்பிரிக்காக்காரனோடு எந்த மீன் சேர்ந்து வாழும் என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பைத்தியமாக இருந்தது.

அயிரையைப் போட்டுப் பார்த்தார். மணலுக்குள் ஒளிந்தது, ஆனாலும் ஒரு வாரத்தில் ஒன்றும் மிச்சமில்லை. விரால் குஞ்சைப் போட்டார். அது வளர்ந்து மற்ற குஞ்சுகளை விழுங்கியது. கெளுத்தி மட்டும் நிலைத்தது. பகலில் கல்லுக்கு அடியில் கிடக்கும், இருட்டினால் வெளியே வரும், முள் வைத்திருக்கும். "பகைச்சுக்கிறதுக்கு வேளையும் இடமும் ஒண்ணா இருக்கணும்ல டீச்சர். இது ரெண்டுமே வேறயா வச்சுக்கிருச்சு" என்றார். புகையிலை மண்டி முதலாளி மெட்ராஸிலிருந்து வால் விசிறி மாதிரி இருக்கிற தங்க மீன் வாங்கி வந்தார். போடக்கூடாது என்று இவர் சொன்னார். அன்பளிப்பு கொடுத்தவர் சொன்னால் போட வேண்டியதுதான் என்று பெரிய டீச்சர் உத்தரவு போட்டார். மறுநாள் அந்த விசிறி வால்கள் நார் நாராகக் கிழிந்து, ஒன்றுக்குக் கண்ணும் போய், பக்கவாட்டில் மிதந்தன. செசிலி டீச்சர் கையாலேயே அள்ளி எடுத்து, முதலாளி வந்தபோது ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். "அழகு பாத்துச் சேக்கப்படாதுங்க. பலம் பாத்துச் சேக்கணும். இல்லேன்னா ஓடி ஒளியுறதுக்கு இடமாவது இருக்கணும்" என்றார். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த மனிதர்தான் கல்லறை வாசலில் ஒற்றுமை பேசினார்.

ஒரு நாள் கமலாம்பாள் அலறினாள். தாய் மீன் தன் குஞ்சுகளையே விழுங்குகிறது, பேய் மீன், தூக்கி எறியுங்கள் என்று ஒரே கூப்பாடு. எனக்கும் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது. ஊசி முனை மாதிரி குஞ்சுகள் கும்பலாகத் தாயின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தன. செசிலி டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து பார்த்தார். "திங்கலை. பயந்துக்கிட்டு வாய்க்குள்ள ஓடுதுக. முட்டையிலிருந்தே வாய்லதான் வச்சிருக்கு. அம்புட்டு நாளும் அது இரை எடுத்திருக்காது" என்றார். பிறகு கமலாம்பாளைப் பார்த்து, "செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் பேய்ங்கலாம்ல" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசையப் போய்விட்டார். அவர் யாரிடமும் அன்பாகப் பேசி நான் கேட்டதில்லை. அவரைத் தேவதையாக்கிப் பேசியவர்கள் அவரோடு ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி கல்லுக்கு வருகிறேன். தொட்டியில் ஓர் ஆண் இருந்தது. நன்றாக வளர்ந்து, உடம்பு கறுத்து, துடுப்பு ஓரம் சிவந்து, இடது மூலையில் இருந்த பெரிய கல்லைத் தன் சொத்தாக வைத்திருந்தது. மணலில் வாயாலேயே குழி பறித்து, யார் அந்தப் பக்கம் வந்தாலும் துரத்தும். பெண்பிள்ளைகள் அதற்குப் 'பெரிய டீச்சர்' என்று ரகசியமாகப் பெயர் வைத்திருந்தார்கள். நிஜப் பெரிய டீச்சருக்கும் தனி அறை கிடையாது. ஜன்னலோர மூலையில் காற்று வருகிற இடம் அவருடையது, அங்கிருந்தே அறை முழுவதையும் பார்ப்பார். புதிதாக எந்த மீனை விட்டாலும் அந்தக் கறுப்பு மீன் ஓட ஓட விரட்டும். விரட்டுப்பட்டது கடைசியில் மேல்தண்ணீர் மூலையில் வாலைச் சுருட்டிக்கொண்டு, இரை போட்டாலும் இறங்காமல் ஒட்டி நிற்கும். என் முக்காலிக்கு நேராக இருந்தது அந்த மூலை. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைப் பார்க்கப் பாவமாக இல்லை, கேவலமாக இருந்தது.

புதிய மீன் விடுகிற நாளில் செசிலி டீச்சர் ஒன்று செய்வார். முதலில் எல்லாவற்றுக்கும் வயிறு நிறைய இரை போடுவார். பிறகு எல்லா மீன்களையும் வாளியில் அள்ளிவிட்டு, தொட்டியில் உள்ள கல் அத்தனையையும் இடம் மாற்றிவிடுவார். குழியை மூடி மணலைச் சமப்படுத்துவார். அதன் பிறகு பழையது, புதியது எல்லாவற்றையும் ஒன்றாக விடுவார். கறுப்பு மீன் தன் கல்லைத் தேடித் தேடித் தடுமாறும். மற்றவையும் தங்கள் இடம் எது என்று தெரியாமல் அலையும். அந்தக் குழப்பத்தில் புதியது பாட்டுக்கு ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். "எல்லாம் தொலைஞ்சு நிக்கையில யாரு புதுசுன்னு எந்த மீனுக்குத் தெரியும்?" என்பார். புழு ஒட்டிய கையோடு இதைச் சொன்னபோது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

பங்குனி வெயில். முழுப் பரீட்சைக்கு முந்தைய வாரம். வகுப்பு முடிந்து வந்தவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆயாவைக் காணோம். ஜன்னல் கட்டையில் இருந்த அலுமினிய டம்ளரையும் காணோம். பானைக்குப் போய், கைக்குக் கிடைத்த பித்தளை டம்ளரில் நானே மொண்டு குடித்தேன். திரும்பினால் பெரிய டீச்சர் நிற்கிறார். இருதயத்தைக் கூப்பிட்டு, பானையை வெளியே கொண்டுபோய் உடைக்கச் சொன்னார். உடைக்கிற சத்தம் எனக்குக் கேட்கவேண்டும் என்றே ஜன்னலுக்கு நேராக உடைக்கச் சொன்னார். டம்ளரைப் புளிபோட்டுத் தேய்த்துச் சாம்பலிலும் தேய்க்கச் சொன்னார். பலகையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கமலாம்பாள் அன்றும் எட்டாம் வகுப்பில் குடிமைப் பாடம் எடுக்கப் போனாள். செசிலி டீச்சர் தொட்டிக்குள் கையை விட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு மற்றவர்களைவிட அவர்மேல்தான் அருவருப்பு அதிகம். புழுவைத் தொடக் கூசாத கை, பேச வாய் கூசுகிறதே என்று இருந்தது.

சாயங்காலம் என் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். நாளை முதல் வரமாட்டேன், கமிட்டி எழுதுகிறதை எழுதிக்கொள்ளட்டும் என்று அவரிடம் மட்டும் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு ஒரு நா வாங்க டீச்சர். சீக்கிரம் வரவேணாம், மணி அடிக்கிற நேரத்துக்கு வந்தாப் போதும். தாகத்தோட வாங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். மீன்களுக்கு இரை போடத் திரும்பிவிட்டார். எரிச்சலோடுதான் போனேன், எரிச்சலோடுதான் மறுநாள் வந்தேன்.

வந்து பார்த்தால் அறை முழுக்கத் தண்ணீர். சாதாரணத் தண்ணீரா? மீன் கழிவும் பாசியும் அழுகின ஈரலும் கலந்த தொட்டித் தண்ணீர். தொட்டியின் மூலையில் பூசியிருந்த தார் விட்டுப்போய் ஒழுகிவிட்டதாம். மீன்கள் மட்டும் பத்திரமாக வாளியில் இருந்தன. தரைப் பலகையில் கவிழ்த்திருந்த பித்தளை டம்ளர்கள் அந்தச் சாக்கடையில் உருண்டு கிடந்தன. நேற்று வாங்கி வைத்த புதுப்பானை அதில் ஊறி நின்றது. நாற்றம் தெருவரை அடித்தது. செசிலி டீச்சரும் இருதயமும் விடியலிலேயே வந்து, காய வைக்கிறோம் என்று அறையையே புரட்டிப் போட்டிருந்தார்கள். அலமாரி ஜன்னலை அடைத்து நின்றது. மேஜைகள் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து கிடந்தன. நாற்காலிகள் எது யாருடையது என்று தெரியாமல் சுற்றிலும் கிடந்தன. ஜன்னலோர மூலை என்று ஒன்று இல்லவே இல்லை. ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல் விழித்தார்கள். அந்தப் பார்வையை நான் தொட்டிக்குள் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

டம்ளர்களை எல்லாம் ஓர் இரும்பு வாளியில் பொட்டாசியம் பர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார். தொலைந்த என் அலுமினிய டம்ளரும் எங்கிருந்தோ வந்து அதில் கிடந்தது. கிருமி போகப் பல நாள் ஊறவேண்டும் என்றார். அதுவரை குடிக்க, விஞ்ஞான அலமாரியிலிருந்து பீக்கர்களை எடுத்துக் கழுவி, ஒரு தட்டில் வரிசையாக வைத்து, கிணற்றுத் தண்ணீர் நிரப்பியிருந்தார். எல்லாம் ஒரே அளவு, ஒரே கண்ணாடி. "டீச்சர், உங்களுக்குத் தாகமா இருக்குமே" என்று என்னைப் பார்த்தார். நான் ஒன்றை எடுத்துக் குடித்து வைத்தேன். அவரும் ஒன்றைக் குடித்து வைத்தார். பிறகு தட்டை ஒரு சுற்றுச் சுற்றி, அதை இங்கும் இதை அங்கும் மாற்றி, திரும்பவும் நிரப்பினார். எதில் குடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு முழுவதும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமான ஒன்றை நான் பார்த்ததில்லை. படித்த பெண்கள், பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்கள், பங்குனி வெயிலில் கத்தித் தொண்டை வறண்டு வந்து, தண்ணீர் நிரம்பிய தட்டை வெறித்துக்கொண்டு, உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மத்தியானம் வரை தாங்கினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு கமலாம்பாள் எழுந்து, விளக்கெண்ணெய் குடிக்கிறவள்போலக் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பீக்கரைக் கவிழ்த்தாள். பிறகு இன்னொன்றையும் குடித்தாள். அவள் குடித்ததும் மற்றவர்கள் குடித்தார்கள். பெரிய டீச்சர் மட்டும் குடிக்கவில்லை. மாலையில் பிரார்த்தனை சொல்லும்போது தாகத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. மறுநாளிலிருந்து வீட்டுத் தண்ணீரைக் கூஜாவில் கொண்டுவர ஆரம்பித்தார். ஓய்வுபெறும்வரை அந்தக் கூஜா அவர் கையை விட்டுப் போகவில்லை.

கமிட்டி கூடியது. இந்தப் பெண் மற்றவர்களோடு ஒத்துப்போகிறாளா என்று கேட்டார்கள். கமலாம்பாளைத்தான் முதலில் கேட்டார்கள். "அதுக்கென்ன, இருக்கட்டும்" என்றாள். என்மேல் பாசம் பொங்கிச் சொல்லவில்லை. தான் குடித்த கதை வெளியே போனால் புருஷன் வீட்டில் என்ன ஆகுமோ என்ற பயத்தில் சொன்னாள். மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது இப்படித்தான். பெருந்தன்மை என்று யாராவது இனிமேல் என்னிடம் பேசினால் எழுந்து போய்விடுவேன்.

அதற்கு விலை கொடுத்தவர் செசிலி டீச்சர். பெரிய டீச்சர் சும்மா இருப்பாரா? தொட்டியை ஒழுகவிட்டு அறையை நாசமாக்கினார் என்று புகார் போயிற்று. அன்பளிப்பு கொடுத்தவரே வந்து தொட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனார். மீனையும் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. "உங்க வீட்டுல தங்க மீனோட போடுவீங்க" என்று சொல்லி மறுத்துவிட்டார். குளத்தில் விடலாமே என்று இருதயம் சொன்னபோது, "விட்டா நம்ம குளத்து மீனு அம்புட்டும் போயிரும். இது மட்டுந்தான் மிஞ்சும்" என்றார். இன்று எந்தக் கண்மாயில் வலை வீசினாலும் என்ன ஏறுகிறது என்று நீங்களே பாருங்கள். கெளுத்தியை மட்டும் குளத்துக்குக் கொண்டுபோய் விட்டுவரச் சொன்னார்.

மறுநாள் டிபன் கேரியரைத் திறந்தார். எல்லா அடுக்கிலும் மிளகாய் தடவி வறுத்த மீன். அவருடைய மீன்கள்தான். வருஷக்கணக்காக ஈரல் ஊட்டி வளர்த்ததை எப்படி வறுக்க மனம் வந்தது என்று கேட்டேன். அவர் கண் சிவந்திருந்தது, ஆனால் குரலில் ஒன்றும் தெரியவில்லை. "சாப்பிடத்தான கொண்டாந்தாங்க இதை. உக்காருங்க" என்றார். ஒரே அடுக்கிலிருந்து இருவரும் எடுத்தோம். இருந்தவற்றிலேயே பெரியதை, கறுப்பு மீனை, என் பக்கம் தள்ளி, "பெரிய டீச்சர். நீங்களே சாப்பிடுங்க" என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். முள்ளை மட்டும் மிச்சம் வைத்தேன்.

பல வருஷம் கழித்து, எனக்கு வடமதுரைக்கு மாற்றல் வந்தபோது, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். பானையை உடைத்தபோது ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை? அதற்கு முன்னால் அத்தனை மாதமும் ஏன் பேசவில்லை? அவர் கோபப்படவில்லை. "எனக்குப் பேச வராது டீச்சர். பேசினாலும் எந்த மீன் கேட்டுச்சு? கல்லை நகத்துனாத்தான் நகருதுக. அதைக்கூட உங்களுக்கு நாந் தாமதமாத்தான் செஞ்சேன்" என்றார். அந்தத் தாமதத்தை நான் மன்னிக்கவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தோழி என்ற சொல் எங்கள் இருவருக்கும் பொருந்தாது. ஆனால் தாரைச் சுரண்டியது யார் என்று நான் கேட்டபோது, தன் வலது கை நகத்தைக் காட்டினார்.

இப்போது சாவு வீட்டுக்கு வருகிறேன். கல்லறையிலிருந்து திரும்பி செசிலி டீச்சரின் அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். பெரிய டீச்சருக்குச் சுவர் ஓரமாக நாற்காலி. பக்கத்தில் புகையிலை மண்டி முதலாளி. கமலாம்பாள் கிழவியாகிக் காது கேளாமல் பாயில் இருந்தாள். அண்ணன் மனைவிக்கும் கன்னிவாடிப் பக்கம்தான் பிறந்த வீடு, என் தெரு அவருக்குத் தெரியும். சுக்குக் காப்பி போட்டு, தட்டில் வைத்து உள்ளிருந்து வந்தார். எல்லாம் எவர்சில்வர் டம்ளர், ஓரத்தில் தனியாக ஒரே ஒரு கண்ணாடி கிளாஸ். செசிலி டீச்சர் குழிக்குள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எழுந்தேன். "நீங்க களைச்சிருப்பீங்க மதினி, குடுங்க" என்று தட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சாவு வீட்டில் கூடமாட வேலை செய்ய வருகிறவளை யாரும் தடுக்க முடியாது. முதலாளிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். கமலாம்பாளுக்கு ஒன்று. பிறகு பெரிய டீச்சரின் முன்னால் போய்க் குனிந்து, அந்தக் கண்ணாடி கிளாஸை அவர் கையில் கொடுத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அது எதற்காக வந்த கிளாஸ் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கூஜா கையில் இல்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு கிளாஸை வாங்கி, மற்ற டம்ளர்களோடு ஒன்றாகப் போட்டுக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

செசிலி டீச்சரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அன்புமில்லை, பொறுமையுமில்லை, கல்லறை வாசலில் பேசிய ஒற்றுமையும் இல்லை. அவை அவரிடமும் இருந்ததில்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கை வேலையைத்தான். வடமதுரைப் பள்ளிக்கூடத்திற்குப் புதிதாக ஒரு டீச்சர் வருகிறாள் என்று தெரிந்தால், அதற்கு முந்தின சாயங்காலம் நான் உடனே வீட்டுக்குப் போவதில்லை. மேஜை, நாற்காலி, பானை எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன்.